முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்: பழைய கண்ணாடிச் சாமானின் வயதைக் கண்டறிய ஒரு வழிகாட்டி

நாகர்கோவில் பக்கம் பழைய வீடு ஒன்றைப் பிரிக்கிறார்கள் என்றால் முதலில் மரத்துக்கு ஆள் வரும். நிலை, கதவு, உத்திரம், தட்டுப்பலகை எல்லாம் ஒரே நாளில் விலை பேசி முடிந்துவிடும். அடுத்து வெண்கலமும் பித்தளையும் தராசுக்குப் போகும். கடைசியில் ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான்கள் கிடக்கும். பூக்குடுவை, காலுள்ள பழத்தட்டு, மூடி தொலைந்த ஜாடி, தூக்கு விளக்கின் குளோப்பு, கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்த குப்பி. இவற்றை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அது பெல்ஜியமாக்கும் மக்கா, பாட்டா காலத்துச் சாமான், உடைச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போவார்.

நம் மாவட்டத்தில் கப்பலில் வந்த கண்ணாடி எல்லாவற்றையும் பெல்ஜியம் என்றுதான் சொல்வார்கள். பெல்ஜியத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1826இல் தொடங்கிய வால் சேன்ட் லாம்பேர் ஆலையின் கண்ணாடி உலகமெங்கும் போனது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் வீடுகளில் 'பெல்ஜியம்' என்று என் கையில் கொடுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி), இங்கிலாந்து, ஜப்பான், நம்முடைய ஃபிரோசாபாத் ஆகிய இடங்களில் பிறந்தவை. பெல்ஜியம் இல்லை என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. எந்த ஊர், எந்தக் காலம் என்று சரியாகத் தெரிந்த பொருளுக்குத்தான் உண்மையான மதிப்பு.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒரு வரிசையை. பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று முதலில் பாருங்கள். எதனால் செய்யப்பட்டது என்பது இரண்டாவது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்றாவது. குடும்பக் கதைக்குக் காது கொடுப்பது அதற்கும் பிறகு. பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கதையைக் கேட்டு மனதில் ஒரு காலத்தை முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற அடையாளத்தைத் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கும், அதுதான் ஆபத்து. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து வயது சொல்லவே கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று அடையாளங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.

கையில் என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிப் பார்ப்பாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. புறஊதா டார்ச் ஒன்று. கள்ளநோட்டு பார்க்க விற்கும் மலிவான டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர், தொடக்கத்துக்கு அது போதும், கொஞ்சம் காசு சேர்ந்ததும் 365 வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாள், நோட்டு, பென்சில். மேசையில் விரிக்கக் கட்டியான துவர்த்து, அதாவது துண்டு. மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பொருளைத் தொட வேண்டும். ஜன்னலோரத்துக் காலை வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு எதுவும் இல்லை.

அடி

குடுவையை மெல்லக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நடுவில் தொப்புள் மாதிரி ஏதாவது இருக்கிறதா?

கண்ணாடி ஊதுகிறவர் உருகிய கண்ணாடியை நீண்ட குழாயின் நுனியில் எடுத்து ஊதி உருவம் கொண்டுவருவார். வாயைச் சீராக்க வேண்டுமானால் குழாயிலிருந்து பிரித்தாக வேண்டும். அப்போது பிடித்துக்கொள்ள, அடிப்பக்கம் ஓர் இரும்புக் கம்பியைச் சிறு உருண்டைக் கண்ணாடியால் ஒட்டுவார். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டி எடுப்பார். ஒட்டிய இடத்தில் தழும்பு நிற்கும். ஆங்கிலத்தில் இதைப் பான்டில் என்கிறார்கள். நான் தொப்புள் என்றுதான் சொல்வேன். அறுத்த இடம் என்ற பொருளும் அதில் இருக்கிறது.

இந்தத் தொப்புள் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று சொரசொரப்பாக, விரல் வைத்தால் கீறும்போல இருக்கும். மற்றது சாணை பிடித்து வழவழப்பாக்கியது. கட்டைவிரலை மாவில் அழுத்தியதுபோல் ஆழமில்லாத வட்டமாகத் தெரியும், சாய்த்துப் பிடித்தால் அந்த வட்டத்தின் ஓரம் தனியாக மின்னும். நல்ல பொஹீமியக் குடுவைகளிலும் ஆங்கிலக் குடுவைகளிலும் அடிக்கடி பார்ப்பது இந்த இரண்டாவது வகை.

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். தொப்புள் இருந்தால் பழசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையால் செய்தது என்று மட்டும்தான் அது சொல்கிறது. இன்றைக்கும் இத்தாலியின் முரானோவில் கையால் ஊதுகிறார்கள், தழும்பும் விழுகிறது. தழும்பு இல்லாததும் புதுசு என்று ஆகாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பொருளின் உடம்பையே கவ்விப் பிடிக்கும் இடுக்கிகள் வந்துவிட்டதால் பல ஆலைகளில் அடியில் கம்பி ஒட்டும் தேவையே இல்லாமல் போயிற்று.

அடுத்து, பொருள் தரையில் உட்காரும் வளையத்தை லென்ஸில் பாருங்கள். ஐம்பது அறுபது வருஷம் சிமென்ட் தரையிலும் மர அலமாரியிலும் நகர்ந்த பொருளுக்கு அந்த வளையத்தில் மட்டும் நுண்ணிய கீறல்கள் இருக்கும். நாலாபக்கமும் ஓடும், சில ஆழம், சில மேலோட்டம், அழுக்கும் ஏறியிருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதென்றால் எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடும், தரையைத் தொடாத குழிவிலும் கீறல் இருக்கும். தரையே படாத இடம் எப்படித் தேயும்?

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். வெளியூர்க் கடை ஒன்றில் எலுமிச்சைப் பச்சைக் கிண்ணம் ஒன்றைப் பார்த்தேன். டார்ச் அடித்ததும் பச்சை நெருப்பாக ஒளிர்ந்தது. யுரேனியம் கண்ணாடி, நூறு வருஷம் இருக்கும் என்று கடைக்காரர் சொல்ல, 4,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் அடிக்குழிவு முழுக்க வரிவரியாக இணைகோடுகள். யுரேனியம் என்பது உண்மை, வயதுதான் பொய். யுரேனியம் கண்ணாடியை இன்றும் சில இடங்களில் செய்கிறார்கள். அந்தக் கிண்ணத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். புதிதாக யாராவது கற்க வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

அச்சுக்கோடும் விரலும்

கண்ணாடிக்கு உருவம் கொடுக்க மூன்று வழி: வெறுங்காற்றில் ஊதுவது, அச்சுக்குள் வைத்து ஊதுவது, அச்சில் ஊற்றி மேலிருந்து அழுத்துவது. அழுத்தும் முறை 1820களில் அமெரிக்காவில் பரவியது. கண்ணாடி சாதாரண வீடுகளுக்கு வந்து சேர்ந்ததற்கு அதுதான் பெரிய காரணம்.

எந்த வகை என்று தெரிய, விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். வெளியே பூ புடைத்திருக்கும் இடத்தில் உள்ளே குழிந்திருந்தால் அச்சுக்குள் ஊதியது. வெளியே எவ்வளவு பூவேலை இருந்தாலும் உள்ளே வழவழவென்று இருந்தால் அழுத்தியது, இல்லாவிட்டால் சாணையில் அறுத்தது. இந்த இரண்டையும் பிரிக்க வெளிப்புறத்து விளிம்புகளைத் தொடுங்கள். அறுத்த வேலையின் விளிம்பு கூர்மையாக இருக்கும், அச்சுக்கோடு இருக்காது. அழுத்தியதில் விளிம்பு மழுங்கியிருக்கும், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடும். சில ஆலைகள் தீயில் காட்டி அந்தக் கோட்டைக் கரைத்துவிடும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எங்கேயாவது மிச்சம் தெரியும்.

குப்பிகளுக்கு மட்டும் பொருந்தும் ஒரு விதி உண்டு. பக்கவாட்டுக் கோடு கழுத்தோடு நின்று, வாய்ப்பகுதி தனியாக, கையால் சேர்த்ததுபோல் இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தையது. கோடு வாயையும் தாண்டி ஓடினால் எந்திரம். அமெரிக்கரான ஓவன்ஸின் முழுத் தானியங்கி எந்திரம் வந்தது 1903இல். அது செய்த குப்பியின் அடியில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓரம் பிசிறடித்த ஒரு வட்டத் தழும்பு இருக்கும். அதைத் தொப்புள் என்று நினைத்துவிடாதீர்கள்.

கோலி சோடாக் குப்பியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. நம் நாட்டில் வெகுகாலம் தொடர்ந்து செய்யப்பட்டதால், கோலி இருக்கிறது என்பது மட்டும் வயதைச் சொல்லாது. குப்பியின் உடம்பில் புடைத்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஊர்ப்பெயரோடு 'திருவிதாங்கூர்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் நல்ல தடயம். 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்துவிட்டன. அதற்குப் பிறகு அச்சு செய்தவர் பழைய பெயரைப் போடக் காரணம் குறைவு.

நிறமும் ஒளியும், நம் கடற்கரை மணலும்

பழைய பங்களாக்களின் மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பார்களே, அதை நின்று பார்த்ததுண்டா? எனக்குப் பாடப்புத்தகமே அதுதான். பச்சையும் பழுப்புமாக நிறையச் சில்லுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் வாடிய கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அவை பதிக்கும்போது நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடி. மணலில் இருக்கும் இரும்பால் கண்ணாடிக்குப் பச்சை ஏறும். அதைப் போக்க அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். மாங்கனீசு சேர்ந்த கண்ணாடி வருஷக்கணக்கில் வெயில் குடித்தால் ஊதாவாக மாறும். முதல் உலகப் போர் ஆண்டுகளில் மாங்கனீசு வரத்து தடைப்பட, ஆலைகள் செலினியத்துக்கு மாறின. செலினியம் சேர்ந்தது வெயிலில் ஊதாவாகாது, வைக்கோல் நிறத்துக்குப் போகும். எனவே வெயிலில் ஊதாவான சில்லு பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு முன்னே செய்த கண்ணாடி. இப்போது கதிர்வீச்சு கொடுத்துச் செயற்கையாக ஊதாவாக்கியும் விற்கிறார்கள். அதன் நிறம் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். மதில் சில்லின் நிறம் அப்படி இருக்காது, தாளின்மேல் வைத்தால்தான் ஊதா என்றே தெரியும்.

இனி டார்ச். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடியுங்கள். பளிச்சென்ற பச்சையாக, பொருளே விளக்கானதுபோல் ஒளிர்ந்தால் யுரேனியம். 1830களில் பொஹீமியாவில் ரீடல் குடும்பத்தார் இதைப் பெயர்பெறச் செய்தார்கள். மஞ்சளுக்கும் பச்சைக்கும் தம் வீட்டுப் பெண் அன்னாவின் பெயரையே சூட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியம் அரசுகளின் பிடிக்குள் போனதும் இந்தத் தொழில் ஏறக்குறைய நின்றது, பிறகு 1950களின் கடைசியில் மறுபடி தொடங்கியது. மாங்கனீசுக் கண்ணாடியும் டார்ச்சுக்கு மங்கலான பச்சை காட்டும். ஆனால் அது சோகையாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. யுரேனியம் கண்ணாடியை அலமாரியில் வைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் அதில் சாப்பிடவும் வேண்டாம், உடைந்ததைச் சாணை பிடிக்கவும் வேண்டாம்.

இன்னொரு கண்ணாடி இருக்கிறது, நம் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் இளம் ஊதாவாக இருக்கும், டியூப்லைட்டின் கீழே கொண்டுவந்தால் நீலமாகிவிடும். நியோடிமியம் என்ற உலோகம் சேர்த்த கண்ணாடி அது. 1920களின் கடைசியில் செக்கோஸ்லோவாக்கியாவின் மோசர் ஆலை இதை 'அலெக்சாண்ட்ரிட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. நியோடிமியத்தை 1885இல் தனியே பிரித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக். கியாஸ் விளக்கின் மேன்டிலைக் கண்டுபிடித்தவரும் அவரே. அந்த மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன தேங்காய்த் தும்புச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் வழியைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அந்த மணலில் தோரியத்தோடு நியோடிமியமும் இருக்கிறது. கண்ணாடியை மெருகேற்றும் சீரியமும் இருக்கிறது. நிறம் மாறும் குடுவை ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பும் சிவப்புமான மணல்தான் நினைவுக்கு வரும்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பத்மநாபபுரம் அரண்மனை மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண வண்ணமாகத் தெரிவதைக் கண்ணாடி என்று சொல்பவர்கள் அதிகம். அது அபிரகம், மைக்கா. பழைய வீட்டுச் சாமானிலும் மைக்காத் தகடு வரலாம். ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தால் அது கண்ணாடி இல்லை.

எழுத்தும் முத்திரையும்

உடம்பைப் பார்த்து முடித்த பிறகுதான் இங்கே வர வேண்டும். நாட்டின் பெயர் நல்ல நாள்காட்டி. அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டு, மறு ஆண்டிலிருந்து இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. அதன்பின் உலகமெங்கும் அந்தப் பழக்கம் பரவியது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் 1918 அக்டோபருக்கு முன்னாலும் இருக்க முடியாது, 1992க்குப் பின்னாலும் இருக்க முடியாது. இந்த முத்திரை பெரும்பாலும் அமிலத்தால் பதித்த சிறு முட்டை வடிவம். அடியில் வாயால் ஆவி ஊதினால்தான் தெரியும். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1945 முதல் 1952 வரை. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949 முதல் 1990 வரை.

ஆங்கிலேயர் அழுத்திய கண்ணாடியில் பட்டம் போன்ற சாய்சதுர முத்திரை இருந்தால் அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. உச்சியில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடி வகுப்பு. 1884 முதல் முத்திரைக்குப் பதில் எண் வந்தது. 1லிருந்து தொடங்கி, 1890இன் தொடக்கத்தில் 1,41,000ஐயும் 1900இன் தொடக்கத்தில் 3,51,000ஐயும் ஒட்டி வந்துவிட்டது. இது வடிவத்தைப் பதிவு செய்த காலம். பொருளை அதற்குப் பிறகும் பல வருஷம் செய்திருக்கலாம். மயில் தலை புடைத்திருந்தால் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்து சோவர்பி ஆலை, 1876க்குப் பிறகு.

பெரிய பெயர்கள் நம் வீடுகளில் அரிது, அதனாலேயே அவற்றின் போலிகள் அதிகம். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே 1904இல் இறந்தார், ஆலை தொடர்ந்தது. இறந்த பிறகு சில வருஷம் கையெழுத்தோடு ஒரு நட்சத்திரம் சேர்த்தார்கள். இன்று சந்தையில் சுற்றும் 'காலே'க்களில் பல ருமேனியாவில் செய்தவை. பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' என்று மூன்று எழுத்து இருக்கும், அதைச் சாணையில் அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. பெயருக்கு அருகே காரணமில்லாமல் ஒரு வழவழப்பான பள்ளம் இருந்தால் பொருளை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொரு பிரெஞ்சுக் கலைஞரான லாலிக்கின் பெயர் என்றால், அதற்கு முன்னால் 'ஆர்' இருக்கிறதா என்று பாருங்கள். ரெனே லாலிக் 1945இல் இறந்தபின் அந்த எழுத்தை விட்டுவிட்டார்கள். முரானோ ஸ்டிக்கரைச் சாட்சியாகவே எடுக்காதீர்கள், ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.

நமக்கே உரிய இன்னொரு எழுத்து உண்டு, வெளியூர்ப் புத்தகங்களில் கிடைக்காது. பரிசாகக் கொடுத்த பொருள்களில் சிலசமயம் ஆண்டு பொறித்திருக்கும். 1112 என்று பார்த்துத் திகைக்க வேண்டாம், கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு சிங்ஙம் ஒன்றில், அதாவது ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசிவரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. கோவில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் மாதம், 824 கூட்டினால் 1936, நவம்பர். திருவிதாங்கூரை மூழ்கடித்த 1099 வெள்ளம் கர்க்கடகத்தில் வந்தது, 825 கூட்டினால் 1924, ஜூலை. மாதம் தெரியாவிட்டால் 1936-37 என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். பொறித்தது பரிசு கொடுத்த ஆண்டு. பொருள் அதற்கு முன்பே இருந்திருக்கும், பின்னால் வந்திருக்க முடியாது. ஒரு பக்கத்து எல்லை உறுதியாகக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆச்சியின் ஆரஞ்சுத் தம்ளர்

இதுவரை சொன்னதை ஒரே பொருளில் செய்து பார்ப்போம். என் ஆச்சியின் அலமாரியில் நான்கு தம்ளர்கள் இருந்தன. ஆரஞ்சு நிறம், மேலே தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் பச்சையும் ஊதாவும் ஓடும். விருந்தாளிக்குக்கூட அதில் தண்ணீர் கொடுக்கமாட்டாள். "கொழும்புலேர்ந்து வந்தது, பெல்ஜியம்" என்பாள். நான்கில் மூன்று உடைந்துவிட்டன. ஒன்று என்னிடம் இருக்கிறது.

அடியைக் கவிழ்த்தேன். தொப்புள் இல்லை. தரை படும் வளையத்தில் நாலாபக்கமும் ஓடும் கீறல், குழிவில் கீறலே இல்லை. நல்ல தேய்மானம்தான். விரலை உள்ளே விட்டேன், வழவழப்பு. வெளியே கொடியும் பூவும் புடைத்திருக்கின்றன, விளிம்பு மழுங்கல், பக்கவாட்டில் கோடு. ஆகவே அழுத்தியது. அடியைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். ஆரஞ்சு இல்லை, அங்கே கண்ணாடி வெறும் வெள்ளை! நிறம் கண்ணாடியில் இல்லை, மேலே பூச்சில் இருக்கிறது. சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் இந்த மினுமினுப்பு வரும். கார்னிவல் கண்ணாடி என்பது இதன் பெயர். 1907 வாக்கில் அமெரிக்காவில் ஃபென்டன் ஆலை தொடங்கிவைத்த வகை. வெள்ளைக் கண்ணாடியின்மேல் ஆரஞ்சு என்றால் மேரிகோல்டு, நம் துலுக்கச்செவ்வந்தி நிறம்.

அமெரிக்காவா என்று ஒரு நிமிஷம் மனசு துள்ளியது. லென்ஸை எடுத்து மறுபடி அடியைப் பார்த்தேன். உள்பக்கத்து அடியில், பூச்சுக்குக் கீழே, 'ஜெயின்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் அச்சிலேயே புடைத்திருந்தன. ஃபிரோசாபாத் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ். 1930களில் தொடங்கி 1980கள்வரை இந்த வகைக் கண்ணாடியை அவர்கள் செய்தார்கள். கையில் குடுவையைத் தூக்கிப் பிடித்த வடிவம், யானை, மீன் என்று அவர்களின் பூக்குடுவைகளை இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தேடி வாங்குகிறார்கள்.

ஆச்சிக்குக் கல்யாணம் 1940களில். தம்ளர்கள் சீர்வரிசையோடு வந்தவை என்று அம்மாவும் சொல்கிறாள். செய்முறை, முத்திரை, வீட்டுக்கதையில் கொழும்பையும் பெல்ஜியத்தையும் கழித்தது போக மிஞ்சிய பகுதி, மூன்றும் ஒத்துப்போகின்றன. என் நோட்டில் '1935-50, ஃபிரோசாபாத்' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நெருக்கிச் சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் கூடாது. பெல்ஜியம் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு வருத்தமே வரவில்லை. நம் நாட்டு உலையில் வெந்து, ரயிலேறித் தெற்குக் கோடிவரை உடையாமல் வந்து, ஆச்சியின் பொக்கிஷமாக இருந்திருக்கிறது.

கழுவுவதும் காப்பதும்

வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், ஒரு துளி சோப்புத் திரவம், மெல்லிய துணி. பித்தளைப் பழக்கத்தில் தும்பும் சாம்பலும் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள். தங்கப்பூச்சு, கார்னிவல் மினுமினுப்பு எல்லாம் போய்விடும். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். தடித்த கண்ணாடியில் சுடுதண்ணீர் பட்டால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது, நடுவில் கீறல் ஓடிவிடும். உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பது கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு என்றால் வினிகர் ஊற்றி ஓர் இரவு வைத்தால் கரையும்.

கரையாத வெண்மூட்டம் ஒன்று உண்டு. நனைத்தால் மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்ப வரும். அது அழுக்கு இல்லை, கண்ணாடியின் நோய். ஈரம் கண்ணாடியிலிருந்து காரத்தை உறிஞ்சி மேற்பரப்பைத் தின்றிருக்கிறது. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. முட்டம், குளச்சல் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். எனவே மூடி போட்ட ஜாடிகளின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள், உள்ளே காற்று போய் வரட்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அலமாரியைத் திறந்துவிடுங்கள். வாங்கப் போகும் பொருளில் மூட்டம் இருந்தால், விரலில் தண்ணீர் தொட்டு உள்ளே தடவி, காயும்வரை நின்று பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் நில்லுங்கள்.

வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கைவேலைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பெட்டியில் வைக்கும் முன் வயதைப் பார்த்துவிடுங்கள், சந்தேகமிருந்தால் தொல்லியல் துறையில் கேட்டுச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்த்து முடித்ததும் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிப் பொருளுக்குள் போடுங்கள். மை வேண்டாம், ஈரத்தில் பரவும். எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் என்ன சொன்னார், அடி எப்படி, கோடு எப்படி, டார்ச்சுக்கு என்ன நிறம், முத்திரை என்ன, நீங்கள் நினைக்கும் காலம் எது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள். ஆச்சியின் தம்ளருக்குள் இருக்கும் தாளில் முதல் வரி, "பெல்ஜியம் என்று ஆச்சி சொன்னது." அதை நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழேதான் ஃபிரோசாபாத் என்று எழுதியிருக்கிறேன்.